ஸ்பானிஷ்காரர் சொன்ன பெயர் பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோடு போனிலோ வீடியோ அழைப்பிலோ வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பெயினின் லா லீகா கால்பந்து ஆட்டத்தை ஸ்பானிஷ் வர்ணனையோடு பார்க்கிறவர்களுக்கும், படிக்கவென்று மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ புதிதாக இறங்கியிருக்கிறவர்களுக்கும் பயன்படும். சிக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான். எதிராளி சொல்வது நமக்கு நன்றாகத் தெரிந்த நிறுவனத்தின் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ, சில சமயம் நம் சொந்தப் பெயராகவோ இருக்கும். ஆனால் காதில் விழுவது வேறு ஏதோ.

அவர் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டால் வேலை நடக்காது. வேற்றுமொழிச் சொல்லை ஸ்பானிஷ் பேசுபவர்கள் மாற்றுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஓர் ஊரைச் சேர்ந்த நூறு பேரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மாற்றுவார்கள். ஒழுங்கு இருப்பதால்தான் கேட்டதிலிருந்து மூலச் சொல்லைத் திரும்பப் பிடிக்கவும் முடிகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அந்தச் சொல்லை அவர் கண்ணால் கற்றாரா, காதால் கற்றாரா? எழுத்தைப் பார்த்துக் கற்றவர் ஸ்பானிஷ் எழுத்து முறைப்படி வாசிப்பார். காதால் கேட்டவர் தன் நாக்குக்கு எட்டிய அளவில் அதைத் திருப்பிச் சொல்வார். இரண்டின் விளைவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அடுத்து, அவர் எந்த ஊர்க்காரர்? மூன்றாவது, அந்தச் சொல் ஏற்கெனவே ஸ்பானிஷாகிவிட்டதா? ஆகிவிட்டிருந்தால் சரிசெய்ய எதுவுமில்லை. நாம்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: பெயருக்கு முன்னால் ஒரு 'எ' முளைக்கிறது

ஸ்டீவ் 'எஸ்தீப்' ஆகிறார். ஸ்பாட்டிஃபை 'எஸ்போத்திஃபை' ஆகிறது. ஸ்டார்பக்ஸுக்கும் அதே கதி.

ஸ்பானிஷில் எந்தச் சொல்லும் 'ஸ்' என்ற மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்காது. லத்தீனிலிருந்து பிரிந்த காலத்திலிருந்தே இப்படித்தான்: 'ஸ்கோலா' எஸ்குவெலா ஆனது, 'ஸ்தெல்லா' எஸ்த்ரெய்யா ஆனது. நேற்று வந்த ஆங்கிலச் சொற்களும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. ஸ்ட்ரெஸ், ஸ்கேனர், ஸ்லோகன் மூன்றும் ஸ்பானிஷ் அகராதியில் எஸ்த்ரெஸ், எஸ்கானெர், எஸ்லோகன் என்று முன்னால் 'எ' எழுதித்தான் இருக்கின்றன. ராமனை இராமனாக்கி, ரங்கனை அரங்கனாக்கி, ஸ்கூலை 'இஸ்கூலு' என்று சொல்லும் நமக்கு இது புரியாத விஷயமே இல்லை.

கேட்பவருக்கான தீர்வு எளிது: முன்னால் உள்ள 'எ'யை மனதில் நீக்கிப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. எஸ்தேபன் என்பது ஸ்டீபனின் முறையான ஸ்பானிஷ் வடிவம். அந்த 'எ'யை நீக்கக் கூடாது. படிவத்தில் எழுதும்போது சந்தேகம் வந்தால் 'கோமோ ஸெ எஸ்க்ரீபெ?' என்று கேளுங்கள். 'எப்படி எழுதுவது?' என்று அர்த்தம். தயங்காமல் கேட்கலாம், அவர்கள் தங்களுக்குள்ளேயே தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது.

உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள விரும்பும் ஸ்பானிஷ் நண்பருக்கு உதவுவதென்றால், 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி இழுத்து, மூச்சை விடாமல் மீதிச் சொல்லை ஒட்டச் சொல்லுங்கள். சீக்கிரம் பழகிவிடும்.

அறிகுறி: 'வ' எல்லாம் 'ப' ஆகிறது, 'ப' சில இடத்தில் 'வ' போலக் கேட்கிறது

ஆங்கிலத்தின் பி, வி என்ற இரண்டு எழுத்துகளுக்கும் ஸ்பானிஷில் ஒரே ஒலிதான். சொல்லின் தொடக்கத்திலும், மூக்கொலிக்குப் பின்னாலும் உதடு ஒட்டி, 'பஸ்' என்பதில் வரும் ப போல ஒலிக்கும். உயிருக்கு நடுவில் உதடு முழுதாக ஒட்டாது. காற்று கசிந்து, நம் காதுக்கு ஏறத்தாழ 'வ' என்று கேட்கும். கியூபாவின் தலைநகரை ஸ்பானிஷில் பி போட்டு எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் வி போட்டு ஹவானா என்கிறார்கள். இரண்டு காதுகளும் கேட்டது ஒரே ஒலியைத்தான்.

அதனால் 'பலென்ஸியா' என்று கேட்டால் வலென்சியா. 'பிக்தோர்' என்றால் விக்டர். செஸ் உலகில் ஐந்து முறை உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்த், மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் கொய்யாதோ மெதியானோ என்ற ஊரில் பல ஆண்டுகள் வீடு வைத்திருந்தவர். ஸ்பெயினின் லினாரஸ் செஸ் போட்டியை 1998, 2007, 2008 ஆண்டுகளில் வென்றவர். ஸ்பானிஷ் செஸ் ரசிகர்களுக்கு அவ்வளவு நெருக்கமானவர். அவர் பெயரின் முதல் எழுத்து அங்கே 'பி' என்றுதான் தொடங்கும். கடைசி 'த்' தேய்ந்து 'அனான்' என்று முடியும். அந்தத் தேய்வைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

உயிருக்கு நடுவே மெலிவது ப மட்டுமல்ல. 'த', 'க' இரண்டும் அங்கே மெலிகின்றன. 'அது' என்று சொல்லும்போது நம் நாக்கு த-வைத் தொட்டும் தொடாமலும் விடுகிறதே, ஸ்பானிஷ் 'லாதோ' என்ற சொல்லில் நடப்பதும் அதேதான். இந்த விஷயத்தில் தமிழ்க் காதுக்குத் தனிப் பயிற்சியே தேவையில்லை.

எழுத்துக் குழப்பத்துக்குத் தீர்வு: எந்த 'பே' என்று கேளுங்கள். ஸ்பெயினில் வி-யின் பெயர் 'ஊபே', அதனால் அங்கே சிக்கல் குறைவு. மெக்ஸிகோவில் 'பே தெ பூர்ரோ' (கழுதையின் பே), 'பே தெ பாகா' (பசுவின் வே) என்று பிரித்துச் சொல்வார்கள். இன்னும் பல இடங்களில் 'நீள பே', 'குட்டை வே'. மூன்று சுழி ண-வா, இரண்டு சுழி ன-வா என்று நாம் கேட்பதும் இப்படித்தானே.

அறிகுறி: ஜ, ய, ஹ மூன்றும் இடம் மாறுகின்றன

அதிகம் குழப்புவது இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்பானிஷில் ஜே எழுத்தின் பெயர் 'ஹோத்தா'. ஸ்பெயினில் அதன் ஒலி தொண்டையை உரசி வரும் வலுவான ஹ. கரீபியன் தீவுகளில் மென்மையான ஹ. எ, இ என்ற உயிர்களுக்கு முன்னால் வரும் ஜி எழுத்துக்கும் இதே ஒலி. அதே சமயம் எச் எழுத்துக்கு ஸ்பானிஷில் ஒலியே கிடையாது. 'ஒய்' எழுத்து, சொல்லின் தொடக்கத்தில் அழுத்திச் சொல்லும்போது 'ஜ'வை நெருங்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று சொல்ல வந்தவர் வாயில் 'ஜெஸ்' வருகிறது. ஜான் என்று சொல்ல வந்தவரிடம் 'யோன்' கேட்கிறது.

கண்ணா காதா என்ற கேள்வி இங்கேதான் முக்கியம். ஆங்கிலப் பெயரைக் காதால் கேட்டவர் ஜெனிஃபரை 'யெனிஃபெர்' என்பார். எழுத்தைப் பார்த்தவர் 'ஹெனிஃபெர்' என்பார். இரவு உடையான பைஜாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்பெயினில் 'பிஹாமா', லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'பியாமா'. மகாராஜா ஸ்பானிஷில் 'மராஹா'.

எச் எழுத்துக்கு ஒலி இல்லை என்பதிலும் இதே பிளவு. சிலியின் விடுதலை வீரரும், 1817 முதல் 1823 வரை அந்நாட்டின் தலைவராக இருந்தவருமான பெர்னார்தோ ஓஹிக்கின்ஸ், ஐரிஷ் வம்சாவளியில் வந்தவர். சிலியில் அவர் பெயரில் எச் மௌனம்: 'ஓஈகின்ஸ்'. ஆனால் பிற்காலத்தில் திரைப்படமும் தொலைக்காட்சியும் காதில் கொண்டுவந்து போட்ட ஹாரி, ஹாலிவுட் எல்லாம் 'ஹார்ரி', 'ஹோலிவுத்' என்று தொண்டை உரசலோடு வரும். ஹாம்ஸ்டர் என்ற செல்லப்பிராணியின் பெயர் ஸ்பானிஷில் எச் போட்டு எழுதப்பட்டாலும் அந்த உரசலோடுதான் ஒலிக்கிறது.

தீர்வு ஒன்று, கேட்பவருக்கு. 'ஹ' கேட்டால் மூல எழுத்து ஜே, ஜி, எச் மூன்றில் ஒன்று. 'ய' கேட்டால் ஜே அல்லது ஒய். நிறுவனத்தையோ ஆளையோ பட்டியலில் தேடும்போது இந்த எழுத்துகள் ஒவ்வொன்றையும் போட்டுத் தேடுங்கள்.

தீர்வு இரண்டு, நம் பெயர் சிதையும்போது. விஜய் என்ற பெயரை எழுத்தில் பார்க்கும் ஸ்பானிஷ்காரர் 'பிஹாய்' என்று வாசிப்பார். ராஜா 'ர்ராஹா' ஆவார். கீதாவைப் பார்த்ததும் 'ஹீத்தா' என்பார், ஏனென்றால் இ-க்கு முன் ஜி வந்தால் ஹ. கீதாவை இரட்டை 'ஈ' போட்டு எழுதுகிறவர் என்றால் 'ஹெஏத்தா' என்றே ஆகிவிடும். அவர்களுக்கு அந்த எழுத்தின் ஒலி எ, இரண்டு வந்தால் இரண்டு எ. முதல் மின்னஞ்சலிலேயே பெயருக்குப் பக்கத்தில் ஸ்பானிஷ் முறைப்படி எப்படி வாசிப்பது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். விஜய் என்றால் ஜே-வுக்குப் பதில் ஒய். கீதா என்றால் ஜி-க்கும் ஐ-க்கும் நடுவில் ஒரு யு; அந்த யு-வை அவர்கள் உச்சரிக்க மாட்டார்கள், ஆனால் 'கீ' என்று சரியாக வாசிப்பார்கள். தா-வைப் பற்றிக் கவலை வேண்டாம். எச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அவர்கள் வாயில் நம் 'த'தான் வரும்.

அர்ஜென்டினாக்காரர் என்றால் இன்னொரு படி. புவெனோஸ் அயர்ஸில் ஒய்-யின் ஒலி 'ஷ'. அங்கே 'நான்' என்பதற்கு மற்ற ஊர்களின் 'யோ' இல்லை, 'ஷோ'. ஆகவே ஒய் போட்டுக் கொடுத்த விஜய் 'பிஷாய்' ஆகலாம். அவர்களிடம் வாயால் சொல்லிக் காட்டிவிடுவதே நல்லது.

தீர்வு மூன்று, திருத்தவே கூடாத இடம். 2014 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய கொலம்பிய வீரர் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஜேம்ஸ் ரோட்ரிகஸ். அவர் பெயர் 'ஹாமெஸ்'. அவர் வீட்டில் அப்படி, நாட்டில் அப்படி, ரியல் மாட்ரிட்டில் ஆடியபோதும் அப்படி. 'ஜேம்ஸ்' என்று சொல்கிறவர்தான் தப்பாகச் சொல்கிறார். லத்தீன் அமெரிக்காவில் ஆங்கிலப் பெயரைக் காதால் கேட்டு, ஸ்பானிஷ் எழுத்தில் எழுதிக் குழந்தைக்கு வைப்பதும் பரவலான வழக்கம்: பிரயன், மைகோல், யெய்ஸன், லெய்தி. இவை பிரையன், மைக்கேல், ஜேசன், லேடி என்பவற்றிலிருந்து வந்தவை. ஆனால் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது அந்த ஸ்பானிஷ் எழுத்துதான். உதவி செய்கிறோம் என்று நினைத்து ஆங்கில எழுத்துக்கு மாற்றினால் டிக்கெட்டிலோ விசாவிலோ அவருக்குத்தான் சிக்கல். எழுதியபடியே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: 'வா', 'வி' இருக்க வேண்டிய இடத்தில் 'குவா', 'குயி'

டபிள்யூ எழுத்து ஸ்பானிஷுக்கு விருந்தாளி. ஆங்கிலத்தில் உதடு குவித்துச் சொல்லும் அந்த ஒலிக்கு முன்னால் ஸ்பானிஷ் நாக்கு ஒரு மெல்லிய 'க்' சேர்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப் 'குவாசாப்', வாஷிங்டன் 'குவாசின்தோன்'. உருகுவேயில் வாஷிங்டன் ஆண்களுக்கு வைக்கும் சாதாரணப் பெயர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு குழம்பாதீர்கள். விஸ்கியை ஸ்பானிஷ் மொழி அகாதமியார் 'குயிஸ்கி' என்று ஒலிக்கிறபடியே எழுதி அகராதியில் சேர்த்தார்கள். 2010 எழுத்து விதிநூலில் டபிள்யூ வைத்த இன்னொரு வடிவத்தையும் முன்வைத்தார்கள். மக்கள் பாட்டில் மேல் இருக்கிறபடியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெர்மன் பெயர் என்றால் கதை வேறு. வாக்னர் அங்கே 'பாக்னெர்'.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரத்துக் கால்பந்து கிளப். இங்கிலாந்திலிருந்து வந்து பள்ளி நடத்திய ஐசக் நியூவெல் என்ற ஆசிரியரின் பெயரால், அவருடைய பழைய மாணவர்கள் 1903இல் தொடங்கிய 'நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ்'. மெஸ்ஸி சிறுவனாக ஆடியது இங்கேதான். ரோசாரியோவில் இந்தப் பெயரை ஒருவரும் முழுதாகச் சொல்வதில்லை. 'ஞுல்ஸ்' என்பார்கள், முதல் எழுத்து அசல் ஞ. அதே நாட்டில் ரேசிங் கிளப் 'ர்ராஸின்'. வர்ணனையில் ஞுல்ஸ் என்று கேட்டுவிட்டு அணிப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

அறிகுறி: கடைசி எழுத்து காணவில்லை, அல்லது 'ம்' இருந்த இடத்தில் 'ன்'

ஸ்பானிஷ் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். மெய்யில் முடிந்தால் ன், ல், ர், ஸ் போன்ற சிலவற்றில்தான். 'த்' இருந்தாலும் தேய்ந்துவிடும். மாட்ரிட்டில் வசிப்பவர்களே தங்கள் ஊரை 'மத்ரீ' என்பார்கள். நாம் பஸ்ஸை 'பஸ்ஸு' ஆக்கி உகரம் சேர்த்துச் சமாளிக்கிற இடத்தில் அவர்கள் மெய்யைக் கைவிடுகிறார்கள். ப்ளூடூத் 'ப்லுதூ', ஃபேஸ்புக் 'ஃபெய்ஸ்பு', டேவிட் 'தாவீ'. லத்தீன் அமெரிக்காவில் சளித் தைலமான விக்ஸ் வேப்போரப் 'பிபாபோரூ' என்று சுருங்கி, வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

நமக்கு அதிகம் இடிப்பது ம். ஸ்பானிஷில் சொல்லின் இறுதியில் ம் வந்தால் நாக்கு ன் என்று முடித்துவிடும். ஆல்பம் 'அல்புன்', இன்ஸ்டாகிராம் 'இன்ஸ்தக்ரான்', ஜெருசலேம் எழுத்திலேயே 'ஹெருசலேன்'. நம் பெயர்களிலோ ம் இல்லாத வீடு இல்லை. செல்வம் 'செல்பான்' ஆவார், ராம் 'ர்ரான்' ஆவார். கரீபியன் பக்கத்து ஆள் என்றால் அந்த ன்-உம் 'ங்' ஆகி, ராம் 'ர்ராங்' என்று கேட்கும். சங்கதி தெரியாவிட்டால் யாரையோ கூப்பிடுகிறார் என்று சும்மா இருந்துவிடுவோம்.

பேசும்போது உதட்டை மூடிக் காட்டி 'ம்ம்' என்று நீட்டிச் சொன்னால் பெரும்பாலோர் பிடித்துக்கொள்வார்கள். ஒலி அவர்களிடம் இருக்கிறது, இடம்தான் புதிது. 'ழ' அப்படியல்ல. எழுத்தில் ஸெட், எச் இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் 'ஸ' என்று வாசிப்பார்கள்; கனிமொழி 'கனிமோஸி'தான். பழக்கமான நண்பர் ஆசைப்பட்டுக் கேட்டால் ஒழிய அங்கே மல்லுக்கட்ட வேண்டாம்.

தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியா, சிலி, கரீபியன் பகுதிகளில் ஸ் கூட இறுதியில் தேய்ந்து மூச்சாகிவிடும். லாஸ் வேகாஸ் 'லா பேகா' என்று கேட்டால் அந்தப் பக்கத்து ஆள்.

அறிகுறி: ஷ, ச்ச, ஸ மூன்றும் கலந்து வருகின்றன

பொது ஸ்பானிஷில் 'ஷ' கிடையாது. அதற்குப் பதில் 'ச்ச' வரும், அல்லது 'ஸ' வரும். ஷாம்பு ஸ்பானிஷ் அகராதியில் 'ச்சம்பூ'. லக்ஷ்மி 'லக்ஸ்மி'. மெக்ஸிகோவின் நகைச்சுவைக் கலைஞர் ரொபெர்த்தோ கோமெஸ் பொலான்யோஸை (1929–2014) லத்தீன் அமெரிக்கா முழுக்க 'ச்செஸ்பிரீத்தோ' என்ற பெயரால்தான் தெரியும். குட்டி ஷேக்ஸ்பியர் என்று அர்த்தம். ஓர் இயக்குநர் அவருடைய எழுத்துத் திறமையைப் பாராட்டி வைத்த பெயர். ஷேக்ஸ்பியரை ஸ்பானிஷ் நாக்கு 'ச்செஸ்பிர்' என்று சொல்லும். சிறியவன் என்பதற்கான ஒட்டை அதோடு சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சிலியில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே சிலர் 'ச்ச' இருக்கும் இடத்திலேயே 'ஷ' என்று சொல்வார்கள். அது படிக்காதவர் பேச்சு என்று ஊரார் முகம் சுளிப்பதுண்டு. அதற்குப் பயந்து உண்மையான 'ஷ'வையும் 'ச்ச' ஆக்குகிறவர்கள் உண்டு. ஆக, அப்படிச் சொல்கிறவருக்கு ஷ வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஸெட் எழுத்து தனிப் பிரச்சினை. லத்தீன் அமெரிக்காவில் அது வெறும் 'ஸ'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்லும் ஒலி, ஆங்கிலத்தில் 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலி. ஸாரா என்ற துணிக்கடை ஸ்பெயினில் பிறந்தது. அங்கே அதன் பெயர் 'தாரா' என்றுதான் கேட்கும். கால்பந்து வீரர் ஜிடேன் 'திதான்'. வண்டு ரீங்கரிப்பது போன்ற ஆங்கில ஸெட் ஒலி தனி ஒலியாக எங்கேயுமே இல்லை.

அறிகுறி: இரண்டு ஸ்பானிஷ்காரர்கள் ஒரே சொல்லை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

இருவர் சொல்வதும் சரி. வைஃபை ஸ்பெயினில் 'குயிஃபி', லத்தீன் அமெரிக்காவில் 'குவைஃபை'. பனிப்பாறையைக் குறிக்கும் ஐஸ்பெர்க் ஸ்பெயினில் எழுத்தில் உள்ளபடி 'இதெபெர்', அட்லாண்டிக்கின் மறுகரையில் 'ஐஸ்பெர்'. வீடியோ ஸ்பெயினில் 'வீ'யில் அழுத்தம், மறுகரையில் 'தே'யில். யூ டூ என்ற ஐரிஷ் இசைக்குழு ஸ்பெயினில் 'ஊ தோஸ்', அதாவது யு என்ற எழுத்தும், இரண்டு என்பதற்கான ஸ்பானிஷ் எண்ணும்.

ஸ்பெயின் ஏன் எழுத்தைப் பிடித்துக்கொண்டது? நீண்ட காலம் அங்கே பள்ளிகளில் முதல் அந்நிய மொழியாக இருந்தது பிரெஞ்சு. வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிஷில் டப்பிங் செய்யாமல் திரையிடக் கூடாது என்று 1941இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி உத்தரவு போட்டது. உத்தரவு போன பிறகும் டப்பிங் பழக்கம் நிலைத்துவிட்டது. அதே ஆட்சி கால்பந்து கிளப்புகளின் ஆங்கிலப் பெயர்களைக்கூட ஸ்பானிஷாக்கச் சொன்னது. பில்பாவோவின் அத்லெட்டிக், 'அத்லேத்திகோ' ஆனது அப்போதுதான். ஆங்கிலம் காதில் விழாத ஒரு நாட்டில் எழுத்தைத் தவிர வேறு எதைப் பிடித்துக்கொள்ள முடியும்? மெக்ஸிகோவுக்கும் கரீபியனுக்கும் அமெரிக்கா பக்கத்து வீடு. ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இதை வைத்து ஸ்பெயின்காரரைக் கிண்டல் செய்யும் லத்தீன் அமெரிக்கர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நாம் தலையை நுழைக்க வேண்டாம். எதிரில் இருப்பவர் ஊர் வழக்கை எடுத்துப் பேசினால் போதும்.

அறிகுறி: எழுத்தெல்லாம் சரி, ஆனால் பெயர் வேறு யாருடையதோ போல ஒலிக்கிறது

அழுத்தம் இடம் மாறியிருக்கிறது. ஸ்பானிஷ் விதி இது: உயிரிலோ ன், ஸ் இரண்டிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம், மற்ற மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். விதிக்கு மாறானால் எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். கோடில்லாத வேற்றுமொழிப் பெயருக்கும் இதே விதிதான். முருகன் 'முரூகன்', கார்த்திக் 'கர்த்தீக்'. குமார் மட்டும் அதிர்ஷ்டசாலி, விதியும் பெயரும் ஒத்துப்போகின்றன. தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸின் முதற்பெயர் 'கமாலா' என்று ஒலிப்பதும் இதனால்தான். அவர்கள் மொழியில் கல், கால் என்பது போன்ற குறில் நெடில் வேறுபாடு இல்லை. அழுத்தம் விழும் உயிர் சற்று நீளும், நமக்கு அது நெடிலாகக் கேட்கும்.

பெயருக்குப் பக்கத்தில் வாசிப்பு வரி போடச் சொன்னேனே, அதில் அழுத்தம் வர வேண்டிய உயிரின் மேல் அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள். ஸ்பானிஷ்காரர் கண் அதைத் தவறவிடாது.

உயிர்கள் ஐந்தே ஐந்து என்பதால் ஆங்கிலத்தின் ஷிப், ஷீப் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். அங்கே சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில டி எழுத்துகள் இரண்டும் அவர்களிடம் பல்லில் பட்டு 'த' ஆகும், டொயோட்டா 'தொயோத்தா'. நாம் ட என்று சொல்லிப் பழகியிருப்பதால் ஆரம்பத்தில் மட்டும் சற்று அந்நியமாக இருக்கும்.

அறிகுறி: முற்றிலும் வேறு பெயர் சொல்கிறார்

லண்டன் 'லோந்த்ரெஸ்', நியூயார்க் 'நுவேபா யோர்'. பிரிட்டன் அரசர் சார்லஸ் 'கார்லோஸ்', அவர் தாய் எலிசபெத் 'இசபெல்', மகன் வில்லியம் 'கியெர்மோ'. அரச குடும்பத்தாருக்கும் போப்புக்கும் பெயரை ஸ்பானிஷாக்குவது பழைய மரபு, அது இன்னும் நடக்கிறது. சாதாரண மனிதர்களுக்கு இப்போது அப்படிச் செய்வதில்லை. பழைய புத்தகங்களில் கார்ல் மார்க்ஸ் 'கார்லோஸ் மார்க்ஸ்' என்று இருப்பதைப் பார்க்கலாம். இங்கே பழுது எதுவும் இல்லை. எந்த வடிவம் வழக்கில் ஏற்கப்பட்டது என்று தெரியவேண்டுமானால், ஸ்பெயினின் ஈஎஃப்ஈ செய்தி நிறுவனம் பங்கெடுத்து 2005இல் தொடங்கிய ஃபுந்தேவு அமைப்பின் பரிந்துரைகளைப் பாருங்கள். செய்திகளில் அடிபடும் புதுச்சொற்களுக்கும் அயல்பெயர்களுக்கும் அவர்கள் தொடர்ந்து வழி சொல்கிறார்கள்.

அறிகுறி: எழுத்துக் கூட்டிச் சொல்லியும் மின்னஞ்சல் திரும்பி வருகிறது

வேலையில் நேரம் அதிகம் வீணாவது இதில்தான். இவான் என்ற சின்னப் பெயரையே எடுத்துக்கொள்வோம். நான்கே எழுத்து. போனில் அவர் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுகிறார், ஆனால் அவசரத்தில் ஸ்பானிஷ் எழுத்துப் பெயர்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. முதல் எழுத்து ஐ. ஸ்பானிஷில் அதன் பெயர் 'ஈ', நாம் ஆங்கில ஈ என்று எழுதிக்கொள்கிறோம். அடுத்து வி, அவர் வாயில் 'பி'. மூன்றாவது ஏ, ஸ்பானிஷில் அது 'ஆ', நாம் ஆர் என்று எழுதிக்கொள்கிறோம். கடைசி என் மட்டும் தப்பியது. நான்கில் மூன்று தப்பு.

அதனால் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டச் சொல்லாதீர்கள். 'மெ லோ தெலெத்ரேயா?' என்று கேட்டு ஸ்பானிஷிலேயே சொல்ல வையுங்கள். அதற்கு நாம் கற்க வேண்டியது 27 எழுத்தின் பெயர்கள். அவற்றில் சிக்கல் கொடுப்பவை சிலவே. ஆங்கில ஈ அங்கே 'எ', ஐ அங்கே 'ஈ', ஜி 'ஹே', ஜே 'ஹோத்தா', எச் 'ஆச்செ', ஒய் 'யே' அல்லது 'ஈ க்ரியேகா', ஸெட் 'செத்தா'. டபிள்யூ ஸ்பெயினில் 'ஊபே தோப்லே', மெக்ஸிகோவில் 'தோப்லே ஊ', அர்ஜென்டினாவில் 'தோப்லே வே'. மின்னஞ்சலின் அட் குறி 'அர்ரோபா', புள்ளி 'பூந்தோ', அடிக்கோடு 'கியோன் பாஹோ'.

கேட்டதை அப்படியே ஸ்பானிஷ் எழுத்துப் பெயரால் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். 'ஈ, ஊபே, ஆ, எனெ'. அவர் 'எஸோ எஸ்' என்றால், அதாவது 'அதேதான்' என்றால், அனுப்பலாம்.